வீட்டு ரேடியோ ஸ்கேனர் வாங்குவதும் பயன்படுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண ரேடியோவுக்கும் ஸ்கேனருக்கும் என்ன வித்தியாசம்?

வானொலி நிலையம் நாள் முழுக்க ஒலித்துக்கொண்டே இருக்கும். விமானிகளும் கப்பல்காரர்களும், உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களும் அப்படிப் பேசுவதில்லை. ஐந்து விநாடி பேசுவார்கள், பிறகு பத்து நிமிடம் சத்தமே இருக்காது. எந்த அலைவரிசையில் எப்போது பேச்சு எழும் என்று உட்கார்ந்து திருப்பிக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையைத்தான் ஸ்கேனர் செய்கிறது. நீங்கள் பதிந்து வைத்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாக வேகமாக எட்டிப் பார்த்து, பேச்சு இருக்கும் இடத்தில் நிற்கும்; முடிந்ததும் மறுபடி ஓடும். கேட்க மட்டும்தான் முடியும், இதிலிருந்து பேச முடியாது.

வீட்டில் வைத்துக் கேட்பது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விதிகளில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பாருங்கள்: கருவியை வைத்திருக்க உரிமம் வேண்டுமா, எந்தெந்தச் சேவைகளைக் கேட்கலாம், கேட்டதை அடுத்தவருக்குச் சொல்லவோ வெளியிடவோ அனுமதி உண்டா. கடையில் தாராளமாக விற்கும் நாடுகளிலும் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு ‘கூடாது’ என்ற பதில் இருக்கலாம். காரில் வைப்பதற்கு மட்டும் தனித் தடை உள்ள இடங்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் சுங்கத்தில் நிற்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

எதையெல்லாம் கேட்கலாம்?

சட்டம் அனுமதிக்கும் இடத்தில், புதிதாகத் தொடங்குபவருக்கு விமான அலைவரிசைதான் முதல் இடம். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை உலகெங்கும் ஒரே முறை, ஏ.எம். பண்பேற்றம் (குரலை அலையில் ஏற்றும் விதம்), மறையாக்கம் (மற்றவருக்குப் புரியாதபடி பேச்சைப் பூட்டுவது) கிடையாது. ஏன் இன்னும் ஏ.எம். என்று பலர் கேட்பார்கள். எஃப்.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும், ஏ.எம்.மில் இரண்டும் கலந்து ஒரு கீச்சொலி எழும், யாரோ குறுக்கே பேசினார் என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும். 121.5 மெகாஹெர்ட்ஸ் சர்வதேச அவசர அலைவரிசை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கடல்சார் சேனல்கள். 16ஆம் சேனல், அதாவது 156.800, அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. ஹாம் ரேடியோ 144இலிருந்து 146 அல்லது 148 வரையும், 430 முதல் 440 வரையும். உரிமம் தேவைப்படாத சிறு வாக்கி டாக்கிகள் பல நாடுகளில் 446 அல்லது 462–467 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. இவை போக ரயில், டாக்சி, தொழிற்சாலை, விளையாட்டு அரங்கம் என்று உள்ளூர்ப் பயன்பாடுகள். இவற்றின் அலைவரிசைகள் ஊருக்கு ஊர் வேறு.

காவல்துறை, ஆம்புலன்ஸ் பேச்சு கேட்குமா?

பெரும்பாலும் கேட்காது. பல நாடுகளில் இவை டிஜிட்டலுக்கு மாறி, மறையாக்கமும் செய்யப்பட்டுவிட்டன. மறையாக்கம் செய்த பேச்சை எந்த விலை உயர்ந்த ஸ்கேனரும் திறக்காது; திறக்கும் என்று விளம்பரம் செய்தால் அந்தக் கடையை விட்டு நகருங்கள். இதற்காக மட்டுமே வாங்க நினைப்பவர்கள் வாங்காமல் இருப்பதே மேல்.

அனலாக் போதுமா, டிஜிட்டல் வேண்டுமா?

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உங்கள் ஊர்க் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்களிடம்தான் ஒரு மாதத்தில் பெட்டிக்குள் போகும் ஸ்கேனர்கள் இருக்கின்றன.

விமானம், கப்பல், ஹாம், உரிமமற்ற வாக்கி டாக்கி ஆகியவற்றுக்கு அனலாக் கருவி தாராளம். யூனிடன் பி.சி.125ஏ.டி. போன்ற கையடக்கக் கருவியின் 500 சேனல்களே பெரும்பாலானோருக்கு மிஞ்சிக் கிடக்கும். நீங்கள் கேட்க விரும்புவது டிஜிட்டலா என்று அறிய, யாரிடமாவது ஓர் அனலாக் கருவியையோ, கணினியில் செருகி ரேடியோ கேட்கும் யூ.எஸ்.பி. டாங்கிளையோ இரவல் வாங்கி அந்த அலைவரிசையில் வைத்துக் கேளுங்கள். டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் வகைக் கையடக்கக் கருவி பேசினால் ‘தடதட’வென்று மோட்டார் படகு போல ஒலிக்கும், ஏனென்றால் அது 30 மில்லிவிநாடி அனுப்பி 30 மில்லிவிநாடி ஓய்கிறது. பி25 என்ற இன்னொரு டிஜிட்டல் வகையின் முதல் கட்டம் இடைவெளி இல்லாத கரகரப்பாக இருக்கும். நிற்காமல் மணிக்கணக்கில் ஒரே கரகரப்பு என்றால் அது டிரங்கிங் அமைப்பின் கட்டுப்பாட்டுச் சேனல்.

டிஜிட்டல்தான் என்று உறுதியானால், எந்த வகை டிஜிட்டல் என்பதுதான் அடுத்த கேள்வி. பி25இன் இரண்டு கட்டங்கள், டி.எம்.ஆர்., என்.எக்ஸ்.டி.என்., டெட்ரா என ஒவ்வொன்றும் தனி மொழி. ‘டிஜிட்டல் ஸ்கேனர்’ என்று அட்டையில் எழுதியிருந்தால் எல்லாவற்றையும் கேட்கும் என்று பொருளில்லை. சில கருவிகளில் டி.எம்.ஆர்., என்.எக்ஸ்.டி.என். வசதிகளைத் தனியே காசு கட்டித் திறக்க வேண்டும். டெட்ராவைப் பெரும்பாலான ஸ்கேனர்கள் தொடுவதே இல்லை.

டிரங்கிங் என்றால்?

ஐந்தாறு அலைவரிசைகளை நூறு குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஒருவர் பொத்தானை அழுத்தியதும் கட்டுப்பாட்டுச் சேனல் வழியாக மையக் கணினி அப்போது காலியாக இருக்கும் அலைவரிசையை அந்தக் குழுவுக்கு ஒதுக்கும். கேள்வி ஓர் அலைவரிசையிலும் பதில் இன்னொன்றிலும் வரலாம். சாதாரண ஸ்கேனரில் இதைக் கேட்டால் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் துண்டு துண்டாக விழும். டிரங்கிங் ஸ்கேனர் கட்டுப்பாட்டுச் சேனலைப் படித்து, நீங்கள் பதிந்த குழு எண்ணைப் பின்தொடரும்.

ஒரே பேச்சைப் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பும் அமைப்புகளும் உண்டு. இரண்டு கோபுரங்களின் சிக்னல் சிறு காலவித்தியாசத்தில் வந்து மோதினால் திரையில் சிக்னல் கோடுகள் ஐந்தும் முழுதாகத் தெரியும், குரல் மட்டும் சிதறும். ஆன்டெனாவைப் பெரிதாக்கினால் இது மோசமாகத்தான் ஆகும். ஒரு கோபுரத்தை மட்டும் நோக்கும் திசை ஆன்டெனா உதவும். இல்லாவிட்டால் இந்தச் சிக்கலுக்கென்றே வடிவமைத்த யூனிடன் எஸ்.டி.எஸ்.100, எஸ்.டி.எஸ்.200 போன்றவை வேண்டும்.

கையடக்கமா, மேசைக் கருவியா?

ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் கையடக்கம். வீட்டில் அதை வெளி ஆன்டெனாவில் மாட்டலாம், வெளியே தூக்கிக்கொண்டும் போகலாம். மேசைக் கருவியில் பெரிய ஸ்பீக்கர், பெரிய திரை, பேட்டரித் தொல்லை இல்லாமை ஆகியவை லாபம். சிக்னலைப் பிடிக்கும் திறனில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

விவரப் பட்டியலில் எதைப் பார்க்க வேண்டும்?

சேனல் எண்ணிக்கையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் அலைவரிசை எல்லை. ‘25 முதல் 512 வரை’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டுவிட்டு நடுவில் ஓட்டை வைத்திருப்பார்கள். சிறிய எழுத்தில் 54க்கு அடுத்து 108 என்று தாவியிருக்கும். நீங்கள் கேட்க விரும்புவது அந்த ஓட்டைக்குள் விழுந்துவிடக் கூடாது.

அடுத்தது படியளவு, அதாவது கருவி ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததுக்குத் தாவும் இடைவெளி. விமான அலைவரிசையில் பழைய இடைவெளி 25 கிலோஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 8.33 கிலோஹெர்ட்ஸ் வந்துவிட்டது. அந்த வசதி இல்லாத கருவியில் பக்கத்துப் புள்ளியில்தான் நிற்க முடியும், குரல் உடைந்து வரும். இன்னொரு குழப்பம்: விமானியிடம் 118.010 என்று சொல்லப்படுவது சேனலின் பெயர், உண்மையான அலைவரிசை 118.0083. 8.33 தெரிந்த கருவி இதைத் தானே திருத்திக்கொள்ளும்.

பிறகு பார்க்க வேண்டியவை: அட்டெனுவேட்டர் என்ற சிக்னல் குறைப்பான் உண்டா, ஒவ்வொரு சேனலுக்கும் பெயர் எழுதலாமா, கணினியிலிருந்து நிரல் ஏற்ற முடியுமா, ஆன்டெனாவைக் கழற்ற முடியுமா. கடைசியாகச் சொன்னது இல்லாத கருவியை விட்டுவிடுங்கள். பெயர் எழுத முடியாத கருவியில், நூறாவது சேனலுக்குப் பிறகு எந்த எண் எதற்கு என்று தாளைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய கருவி வாங்கலாமா?

அனலாக் என்றால் தயங்காமல் வாங்கலாம். வாங்கும் முன் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சைப் பூச்சோ வெள்ளைப் பொடியோ இருக்கிறதா பாருங்கள். ஆன்டெனாச் சாக்கெட்டை மெதுவாக ஆட்டுங்கள். ஆடினால் உள்ளே பற்றவைப்பு விட்டிருக்கிறது. ஒலிக்குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் தொடர்புத் தெளிப்பான் அடித்துச் சரிசெய்துவிடலாம், அது பெரிய குறையல்ல. ஒரு விமான நிலையத்தின் தானியங்கி வானிலை அறிவிப்பு நிற்காமல் ஒலிக்கும் இடமாக இருந்தால் அதை வைத்தே சோதித்துவிடலாம். அகல அலைவரிசையை மட்டும் தெரிந்த மிகப் பழைய கருவியில் இன்றைய 12.5 கிலோஹெர்ட்ஸ் எஃப்.எம். பேச்சு மெலிந்து கேட்கும். ஒலியைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கணினியில் செருகும் யூ.எஸ்.பி. டாங்கிள் போதாதா?

பலருக்குப் போதும். ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்று சொல்லப்படும் டாங்கிள் தொலைக்காட்சி பார்க்கச் செய்யப்பட்ட சில்லைக் கொண்டது. 2012இல்தான் இது ரேடியோ ஆர்வலர்கள் கைக்கு வந்தது. ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும், ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் திரையில் அருவிபோல ஓடவிடும். எங்கே பேச்சு இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஸ்கேனரால் காட்ட முடியாத காட்சி இது. ஊர்க் காற்றில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னோமே, அதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

குறைகளும் உண்டு. சிக்னலை எண்ணாக்கும் மாற்றி 8 பிட்தான், அதனால் பக்கத்தில் வலுவான நிலையம் இருந்தால் திணறும். மலிவான டாங்கிளில் அலைவரிசையைத் தீர்மானிக்கும் படிகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை விலகலாம். 145 மெகாஹெர்ட்ஸில் அது 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், அரைச் சேனலைத் தாண்டிய பிழை. மென்பொருளில் திருத்த எண் கொடுக்க வேண்டும், அதுவும் டாங்கிள் சூடாக சூடாக நகரும். வெப்பநிலை ஈடுசெய்த படிகம் உள்ளதை வாங்கினால் இந்த வேலை மிச்சம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூடவே வரும் ரப்பர் ஆன்டெனா போதுமா?

முதல் நாளைக்குப் போதும். பணம் மிச்சமிருந்தால் அடுத்த மாடல் ஸ்கேனரில் போடாதீர்கள், ஆன்டெனாவில் போடுங்கள். சாதாரணக் கருவியும் நல்ல ஆன்டெனாவும் சேர்ந்தால், உயர்ந்த கருவியும் ரப்பர் ஆன்டெனாவும் சேர்ந்ததை எளிதில் தோற்கடிக்கும்.

கால் அலை (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு) ஆன்டெனாவின் நீளம் சென்டிமீட்டரில்: 7125ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். விமானத்துக்கு, 127 மெகாஹெர்ட்ஸ் நடுப்புள்ளியாக, 56 செ.மீ. ஹாமுக்கு 145இல் 49. கடல்சாருக்கு 157இல் 45. 446க்கு 16. நீட்டி மடக்கும் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் இந்த அளவுக்கு இழுத்தாலே வித்தியாசம் தெரியும். முழுக்க இழுத்தால்தான் நன்றாகக் கேட்கும் என்பது தவறு.

வீட்டிலேயே செய்யவும் முடியும். எஸ்.ஓ.-239 எனும் தகட்டுச் சாக்கெட் ஒன்று, 2 மி.மீ. செம்பு அல்லது பித்தளைக் கம்பி ஐந்து துண்டு. ஒரு துண்டை மேலே சொன்ன நீளத்துக்கு வெட்டி நடு ஊசியில் நிமிர்த்திப் பற்றவைக்கவும். மற்ற நான்கையும் 5 விழுக்காடு நீளமாக வெட்டி, சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளில் 3 மி.மீ. போல்ட், நட்டால் இறுக்கி, 45 பாகை கீழ்நோக்கி வளைக்கவும். தட்டையாக விட்டால், ஸ்கேனரின் 50 ஓமோடு பொருந்த வேண்டிய மின்மறுப்பு 36 ஓமுக்குப் பக்கத்தில் இருக்கும். கீழே வளைக்கும்போது 50க்கு வந்துவிடும். வளைக்காமல் விடுவதும், நடு ஊசியில் பற்றவைப்பு குளிர்ந்து மங்கலாக நிற்பதும்தான் வழக்கமான தவறுகள். பற்றவைத்த இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். வெளியே வைப்பதானால் ஊசியைச் சுற்றி சிலிக்கான் பூசுங்கள். எல்லா அலைவரிசையும் ஒரே ஆன்டெனாவில் வேண்டும் என்பவர்களுக்கு டிஸ்கோன். எதிலும் பிரமாதமாக இருக்காது, எதிலும் கைவிடாது.

நிமிர்த்தியே வையுங்கள். வாகனங்களும் கோபுரங்களும் செங்குத்தாகத்தான் அனுப்புகின்றன. படுக்கவைத்தால் சிக்னலில் பெரும்பகுதி போய்விடும்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

இந்த அலைவரிசைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. இரு பக்க உயரங்களின் வர்க்கமூலத்தை மீட்டரில் எடுத்துக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் உச்ச வரம்பு கிடைக்கும். உங்கள் ஆன்டெனா 9 மீட்டர் உயரத்தில், விமானம் 10,000 மீட்டரில் என்றால் ஏறக்குறைய 424 கி.மீ. அதே ஆன்டெனாவுக்கு 25 மீட்டர் உயரக் கட்டுப்பாட்டுக் கோபுரம் 33 கி.மீ.யோடு முடிந்துவிடும். தரையில் நின்று வாக்கி டாக்கியில் பேசுபவர் 17 கி.மீ.; கட்டடங்களும் மரங்களும் நடுவில் வந்தால் அதில் பாதிகூடத் தேறாது.

விமானி பேசுவது கேட்கிறது, கட்டுப்பாட்டாளர் பதில் கேட்கவில்லையே?

மேலே உள்ள கணக்குதான் காரணம். விமானம் உங்களுக்குத் தெரியும் உயரத்தில் இருக்கிறது, கோபுரம் அடிவானத்துக்குக் கீழே. கருவியில் பழுதில்லை.

கடல்சாரில் காரணம் வேறு. சில சேனல்களில் கப்பல் ஓர் அலைவரிசையிலும் கரை 4.6 மெகாஹெர்ட்ஸ் மேலேயும் பேசும். 1ஆம் சேனலில் கப்பல் 156.050, கரை 160.650. இரண்டையும் தனித்தனிச் சேனலாகப் பதிய வேண்டும். ஹாம் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கி வேறு அலைவரிசையில் மறுபடி அனுப்பும் நிலையம்) எதிர்மாறு: ரிப்பீட்டர் வெளியிடும் அலைவரிசையை மட்டும் பதிந்தால் இரு தரப்பும் கேட்கும்.

எந்தக் கேபிள்?

நீளம் 5 மீட்டருக்குள் என்றால் எதுவும் சரி. அதற்கு மேல் போனால் கணக்குப் பாருங்கள். 20 மீட்டர் ஆர்.ஜி.-58இல் 450 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் ஏறக்குறைய 7 டெசிபல் இழக்கும், அதாவது ஐந்தில் நான்கு பங்கு வழியிலேயே போய்விடும். தொலைக்காட்சி டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி.-6இல் 3 டெசிபல் அளவு, எல்.எம்.ஆர்.-400இல் 2க்கும் கீழ். ஆர்.ஜி.-6 75 ஓம்தானே, ஸ்கேனர் 50 ஓம் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை. கேட்பதற்கு மட்டும் என்பதால் இது செல்லும்.

வெளி இணைப்பு ஒவ்வொன்றிலும் நீர் புகாத தன்னொட்டு நாடா சுற்றுங்கள். தண்ணீர் உள்ளே இருக்கும் உலோகப் பின்னலுக்குள் இறங்கினால் கேபிள் வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும், சிக்னல் மட்டும் மாதா மாதம் குறைந்துகொண்டே வரும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே தொங்கும் ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி மின்னலின்போது?

இடி மின்னல் தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். நிரந்தரமாக மாடியில் நிற்கும் கம்பத்தைத் தரையிணைப்புச் செய்யுங்கள். கம்பம் சாய்ந்தால்கூட மின்கம்பியைத் தொடாத தொலைவில் நடுங்கள்; இதில் சமரசமே கூடாது.

ஸ்க்வெல்ச்சை எங்கே வைப்பது?

பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடக்கி வைக்கும் அமைப்புதான் ஸ்க்வெல்ச். காலியான சேனலில் நிறுத்தி, இரைச்சல் கேட்கும்வரை அதைக் குறையுங்கள். பிறகு இரைச்சல் அடங்கும் புள்ளிவரை ஏற்றி, இம்மியளவு கூடுதலாக வைத்து விடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் மெல்லிய சிக்னல்கள் எட்டிப் பார்க்காமலே போகும். முழுக்கக் குறைத்துவிட்டு ‘ஸ்கேன் ஓடவே மாட்டேன் என்கிறது’ என்று கருவியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. இரைச்சலையே பேச்சு என்று நினைத்து அது முதல் சேனலிலேயே நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

முதன்முதலில் எப்படி நிரல் ஏற்றுவது?

சேனல்களின் தொகுப்புக்கு பேங்க் என்று பெயர். ஒரு பேங்க்கில் ஒரே வகையை வையுங்கள்: விமானம் ஒன்றில், கடல் ஒன்றில், ஹாம் ஒன்றில். வேண்டாதபோது பேங்க்கை மொத்தமாக அணைக்கலாம். ஒவ்வொரு சேனலுக்கும் அலைவரிசை, பெயர், பண்பேற்றம், தாமதம் ஆகிய நான்கையும் நிரப்புங்கள். பண்பேற்றத்தைத் தானியங்கியில் விட்டால் விமானத்துக்கு ஏ.எம். என்று கருவியே எடுத்துக்கொள்ளும், கையால் எஃப்.எம். போட்டுவிட்டால் குரல் குழறும். தாமதம் 2 விநாடி வையுங்கள். தாமதம் இல்லாவிட்டால் கேள்வி முடிந்ததும் ஸ்கேனர் ஓடிவிடும், பதில் தப்பிவிடும்.

வேகத்தையும் கணக்கில் எடுங்கள். விநாடிக்கு 50 சேனல் பார்க்கும் கருவியில் 500 சேனலையும் இயக்கினால் ஒரு சுற்றுக்கு 10 விநாடி. மூன்று விநாடிப் பேச்சு வந்து போனதே தெரியாது. 60, 70 சேனலோடு நிறுத்துபவர்தான் அதிகம் கேட்கிறார். நாள் முழுக்க ஒலித்துக்கொண்டிருக்கும் சேனலை லாக்-அவுட் செய்து தாண்டவிடுங்கள். மிக முக்கியமான ஒன்றை முன்னுரிமைச் சேனலாக வைக்கலாம். ஆனால் சில கருவிகளில் அதைச் சோதிக்க ஒவ்வொரு முறை தாவும்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் பேச்சில் சிறு வெட்டு விழும். எரிச்சலாக இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கணினியிலிருந்து ஏற்றுபவர்களுக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் கேபிளோ அதன் டிரைவர் மென்பொருளோதான். போர்ட் எண் தெரியவில்லை என்றால் முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது. ஏற்றும் முன் கருவியில் இருப்பதைப் படித்து ஒரு கோப்பாகச் சேமித்துவிடுங்கள்.

அலைவரிசைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

விமான நிலையங்களுடையவை வான்வழி வரைபடங்களிலும், கடல்சார் சேனல்கள் துறைமுக அறிவிப்புகளிலும், ஹாம் ரிப்பீட்டர்கள் அந்தந்த நாட்டு ஹாம் சங்கப் பட்டியலிலும் இருக்கும். மீதிக்குத் தேடல் வசதி. 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மேல் ஒரே மூச்சில் தேடாதீர்கள், சுற்று நீண்டுவிடும். படியளவை அந்தப் பகுதியின் சேனல் இடைவெளிக்கு ஏற்ப வையுங்கள். பேசும் இடத்துக்கு அருகிலேயே போக முடிந்தால், ‘குளோஸ் கால்’ போன்ற அருகுச் சிக்னல் பிடிக்கும் வசதி அலைவரிசையை நொடியில் சொல்லிவிடும்.

பேச்சே இல்லாமல் சில இடங்களில் நின்றுவிடுகிறது. ஏன்?

ஆன்டெனாவைக் கழற்றுங்கள். அப்போதும் நின்றால் கருவியின் உள் அலையாக்கிகள் உண்டாக்கும் பொய்ச் சிக்னல். எல்லா ஸ்கேனரிலும் சில உண்டு, லாக்-அவுட் செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். கழற்றியதும் மறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது.

வெளியிலிருந்து வருவதில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளேயே பிறப்பது: எல்.இ.டி. விளக்கு, கைபேசிச் சார்ஜர், சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர், இணைய ரூட்டர். ஸ்கேனரை பேட்டரியில் ஓட்டிக்கொண்டே வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டில். பிறகு ஒவ்வொரு மின்சுற்றாகப் போட்டுக்கொண்டு வந்தால் எந்த அறை, எந்தச் சாதனம் என்று பிடிபடும். அந்தச் சாதனத்தின் கம்பியைக் கவ்வும் ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்று சுற்றுங்கள். ஒரு சுற்று பெரும்பாலும் போதாது. விமான அலைவரிசையில் இந்தத் தொல்லை அதிகம் தெரியும், ஏ.எம். இரைச்சலை அப்படியே காதுக்குக் கொண்டுவருவதால்.

விமான அலைவரிசையில் சினிமாப் பாட்டு கேட்கிறது!

பக்கத்து எஃப்.எம். ஒலிபரப்புக் கோபுரம் உங்கள் கருவியின் முன்பகுதியைத் திணறடிக்கிறது. அட்டெனுவேட்டரைப் போட்டுப் பாருங்கள். உண்மையான சிக்னல் 10 டெசிபல் குறைந்தால், உள்ளே கலந்து பிறந்த பொய்ச் சிக்னல் 30 டெசிபல் குறையும்; அதனால் பாட்டு மறைந்து விமானி மட்டும் நிற்பார். நிரந்தரத் தீர்வு 88 முதல் 108 வரை தடுக்கும் எஃப்.எம். வடிகட்டி. ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவில் மாட்டினால் போதும். இந்த நிலையில் ஆன்டெனா பெருக்கி வாங்கி மாட்டுவது எரியும் நெருப்பில் எண்ணெய்.

150 மெகாஹெர்ட்ஸில் விமானி பேசுவதுபோல் மங்கலாகக் கேட்டால் 21.4ஐக் கழித்துப் பாருங்கள். 10.7 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசை (பிடித்த சிக்னலைக் கருவி உள்ளே மாற்றிக்கொள்ளும் அலைவரிசை) கொண்ட பழைய, மலிவான கருவிகளில் அதன் இருமடங்கு தள்ளி இருக்கும் சிக்னல் பிம்பமாக விழும். 150.05இல் கேட்டது உண்மையில் 128.65.

சேனலில் வேறு யாரோ பேசுகிறார்கள். தவிர்க்க முடியுமா?

அனலாக் எஃப்.எம்.மில் முடியும். 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான, ஸ்பீக்கருக்கு வராமல் வடிகட்டப்படும் டோன் என்ற தாழ்ந்த ஒலியைப் பல குழுக்கள் பேச்சோடு சேர்த்து அனுப்புகின்றன. டோனைத் தேடும் நிலையில் வைத்தால் திரையில் எண் தெரியும். அதைச் சேனலில் பதிந்துவிட்டால் அந்தக் குழு மட்டும் கேட்கும். டோன் தவறாக இருந்தால் ஸ்கேனர் ஊமையாக நிற்கும், எனவே சந்தேகம் வந்தால் முதலில் டோனை நீக்கிப் பாருங்கள்.

பேட்டரி?

மறுமுறை சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. சில கருவிகளில் பேட்டரிப் பெட்டிக்குள் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், அல்கலைனா சார்ஜ் வகையா என்று தேர்ந்தெடுக்க. அல்கலைன் போட்டுவிட்டுச் சுவிட்சை மறுபக்கம் வைத்து யூ.எஸ்.பி.யில் செருகினால் பேட்டரி ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

விண்வெளி நிலையத்தைக் கேட்க முடியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் அலைவரிசை 145.800 மெகாஹெர்ட்ஸ், சாதாரண எஃப்.எம். பள்ளி மாணவர்களோடு வீரர்கள் பேசும் நேரங்களிலும், படங்கள் அனுப்பும் நாட்களிலும் கையடக்கக் கருவியிலேயே கேட்கும். தலைக்கு மேலே செல்லும் ஒரு கடப்பு 10 நிமிடம் அளவுக்குத்தான். அந்த நேரம் ஸ்கேனை நிறுத்தி ஒரே சேனலில் நில்லுங்கள், ஸ்க்வெல்ச்சைத் திறந்து வையுங்கள். நெருங்கும்போது அலைவரிசை 3.5 கிலோஹெர்ட்ஸ் மேலேயும் விலகும்போது அதே அளவு கீழேயும் நகரும். முடிந்தால் கடப்பின் தொடக்கத்தில் 145.805, முடிவில் 145.795 என்று பதிந்த இரு சேனல்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் நடுவிலேயே நின்றாலும் பெரும்பகுதி தெளிவாக வரும். இங்கே ஆன்டெனாவை நிமிர்த்தியே பிடிக்க வேண்டியதில்லை. நிலையம் நகர நகர சாய்த்துப் பார்த்து, எந்தச் சாய்வில் இரைச்சல் குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள்.